தூக்கம் வரவில்லை என்று போனால் தாத்தாவைப் பற்றி ஏன் கேட்கிறார்கள்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு மாதங்களாகச் சரியான தூக்கம் இல்லை என்று ஓர் உளவியல் ஆலோசகரிடம் போயிருக்கிறீர்கள். உள்ளே அழைப்பதற்கு முன்பே ஆறு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்து நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள். தூக்கத்தைப் பற்றி அதில் ஒரு பக்கம்தான் இருந்தது. மீதியெல்லாம் குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், யார் குடிப்பார், யாராவது தற்கொலை செய்துகொண்டதுண்டா, பள்ளிப் பருவம் எப்படி இருந்தது, இல்வாழ்க்கை எப்படிப் போகிறது என்பது போன்ற கேள்விகள். மூன்றாம் பக்கத்தோடு பேனாவை மூடிவிட்டீர்கள். இவ்வளவும் அவர்களுக்கு எதற்கு, வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மருத்துவ உளவியலாளராகப் பதினாறு ஆண்டுகளாக இத்தகைய படிவங்களைப் படித்து வருகிறேன். உங்கள் தயக்கம் முற்றிலும் நியாயமானது. முன்பின் அறியாத ஒருவரிடம் வீட்டு விஷயங்களை எழுதிக் கொடுக்கச் சொல்பவர்கள், எதற்காக என்று இரண்டு வரியாவது விளக்கியிருக்க வேண்டும். அந்த விளக்கத்தை என்னால் இயன்றவரை இங்கே தருகிறேன். தூக்கமின்மையையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் "தூக்கம் வரவில்லை" என்ற ஒரே முறையீட்டுக்குப் பின்னால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பத்துக் காரணங்கள் இருக்கலாம். ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்குத் தீங்காகவும் முடியலாம்.

வாரத்தில் மூன்று இரவுகளாவது, மூன்று மாதங்களுக்கு மேல் தூக்கம் கெட்டிருந்தால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறோம். அதற்கு முதலில் தர வேண்டிய சிகிச்சை மாத்திரை அன்று, சிந்தனையையும் பழக்கத்தையும் மாற்றும் உளவியல் சிகிச்சையே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. அந்தச் சிகிச்சையின் இரண்டு தூண்களில் ஒன்று, படுக்கையைத் தூக்கத்துக்கு மட்டுமே உரியதாக ஆக்குவது. ரிச்சர்ட் பூட்சின் 1972-இல் வகுத்த முறை அது. மற்றொன்று ஆர்தர் ஸ்பீல்மனும் அவருடைய குழுவினரும் 1987-இல் விவரித்த படுக்கை நேரக் குறைப்பு. ஒன்பது மணி நேரம் படுக்கையில் புரண்டு ஐந்தரை மணி நேரமே தூங்குகிறவரிடம், இனி ஐந்தரை மணி நேரம் மட்டும் படுங்கள் என்று சொல்வோம். முதல் இரண்டு வாரம் மிகக் கடினமாக இருக்கும். அதன் பிறகு தூக்கம் துண்டு துண்டாகாமல் சேர்ந்து வரத் தொடங்கும். அப்போது படுக்கை நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவோம்.

நல்ல முறைதான். ஆனால் இருமுனை மனநிலைக் கோளாறு, அதாவது உற்சாகம் கட்டுக்கடங்காமல் பொங்கும் காலமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் நோய், உள்ள ஒருவருக்கு இதைச் செய்தால், தூக்கக் குறைவே அவரை மிகைஉற்சாக நிலைக்குத் தள்ளிவிடக்கூடும். வலிப்பு நோய் உள்ளவருக்குத் தூக்கம் குறைந்தால் வலிப்பு வரலாம். இரவில் லாரி ஓட்டுபவருக்கும் பிரஸ் மெஷினில் கை வைத்து வேலை செய்பவருக்கும் அந்த இரண்டு வாரக் கண்ணயர்வே உயிராபத்து. இருமுனைக் கோளாறு உள்ளவர் பெரும்பாலும் சோர்ந்திருக்கும் காலத்தில்தான் எங்களிடம் வருகிறார். உற்சாகம் பொங்கிய அந்தப் பழைய வாரங்களை அவர் நோயாகவே நினைத்திருக்க மாட்டார், வாழ்க்கையின் பொற்காலமாக நினைத்திருப்பார். ஆகவே நேரடியாகக் கேட்கிறோம்: மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பே தெரியாமல், பேச்சும் செலவும் திட்டங்களும் கட்டுக்கடங்காமல் போன நாட்கள் உங்களுக்கு எப்போதாவது இருந்தனவா? உங்கள் தந்தைக்கோ, தாய்மாமனுக்கோ, தாத்தாவுக்கோ? தாத்தா ஒருமுறை பத்து நாள் தூங்காமல் ஊரெல்லாம் கடன் வாங்கி மூன்று கிணறு வெட்டினார் என்று வீட்டில் வேடிக்கையாகச் சொல்லும் கதை எங்களுக்கு ஒரு மருத்துவத் தகவல். அந்தக் குடும்பத்துப் பேரனுக்குப் படுக்கை நேரத்தைக் குறைப்பதற்கு முன் ஒரு மனநல மருத்துவரைக் கலந்து பேசுவேன். மனச்சோர்வுக்கான மாத்திரையைத் தனித்துக் கொடுப்பதிலும் அந்த மருத்துவர் இதே எச்சரிக்கையைக் காட்டுவார்.

உடலைப் பற்றிய கேள்விகளும் இப்படித்தான். குறட்டை உண்டா, பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகுகிறதா என்று கேட்பது தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று அறிய. படுத்தவுடன் கால்களை அசைக்காமல் இருக்க முடியவில்லை என்று ஒரு பெண் எழுதி, வேறொரு பக்கத்தில் மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு என்றும் எழுதியிருந்தால், மனத்தை ஆராய்வதற்கு முன் இரும்புச் சத்தைப் பரிசோதிக்கச் சொல்வேன். தைராய்டு கூடினாலும் குறைந்தாலும் மனநிலையும் தூக்கமும் மாறும். ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தால் தூக்கம் கெடும். மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் அல்பிராசோலம் என்ற பதற்றத் தணிப்பு மாத்திரையைப் போட்டுக்கொள்கிற பலரைப் பார்த்திருக்கிறேன்; "மாத்திரை ஏதும் இல்லை" என்று படிவத்தில் எழுதுவார்கள், ஏனென்றால் டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் மாத்திரை, மற்றதெல்லாம் 'தூங்கறதுக்குப் போடறது'. ஒரு நல்ல எண்ணத்தில் அதை ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம். மெல்லக் குறைப்பது மருத்துவரின் வேலை. அந்தத் தகவல் தெரியாமல் நான் தொடங்கும் எந்தச் சிகிச்சையும் பழுதுதான்.

மதுவைப் பற்றி "எப்போதாவது" என்று எழுதுபவரிடம் எந்தக் கண்டிப்பும் இல்லாமல், போன வாரம் எத்தனை நாள், ஒரு தடவைக்குக் கட்டிங்கா குவார்ட்டரா என்று கேட்பேன். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பத்துக் கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்று இதற்கென்றே உண்டு. 40-க்கு 8 அல்லது அதற்கு மேல் வந்தால் குடிப்பழக்கத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று பொருள். மது முன்னிரவில் தூக்கத்தை இழுத்து வந்து பின்னிரவில் கலைத்துவிடும். இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது என்று சொல்பவருக்கு அந்த ஒரு விடையிலேயே பாதிச் சிகிச்சை இருக்கலாம்.

தற்கொலை பற்றிய கேள்விதான் உங்களை மிகவும் சங்கடப்படுத்தியது என்று எழுதியிருக்கிறீர்கள். பி.எச்.க்யூ-9 என்ற மனச்சோர்வு அளவுகோலில் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. அதன் ஒன்பதாவது கேள்வி, இறந்துவிட்டால் நல்லது என்ற எண்ணமோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வருகிறதா என்பது. படிவம் என் மேசைக்கு வந்தவுடன் பெயரைப் பார்த்த கையோடு நான் திருப்பிப் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான். மொத்த மதிப்பெண் 6 ஆகவே இருந்தாலும் அந்த வரியில் 1 இருந்தால், அதைப் பற்றிப் பேசாமல் அவரை அன்று வாசலைத் தாண்ட விடமாட்டேன். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. கேட்கப்பட்டதால் ஒரு பாரம் இறங்கியது என்று சொல்பவர்களையே நான் அதிகம் பார்க்கிறேன். தொடர்ந்து கேட்பவை மிக நடைமுறையானவை. முன்பு முயன்றதுண்டா? எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறீர்களா? வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா, எங்கே வைத்திருக்கிறீர்கள்? அந்த டப்பாவை அண்ணன் வீட்டுக்கோ தோட்டத்து மோட்டார் அறைக்கோ மாற்றிப் பூட்டச் சொல்வது சில சமயம் அன்றைய சிகிச்சையில் நான் செய்யும் மிக முக்கியமான காரியமாக இருக்கும். இரத்த உறவில் ஒருவர் அப்படி இறந்திருந்தால் ஆபத்து சற்றுக் கூடுகிறது என்பதால்தான் குடும்பத்தைப் பற்றிய அந்தக் கேள்வியும்.

விடைகளைப் போலவே, அவை எழுதப்பட்ட விதத்தையும் படிக்கிறோம். கல்லூரி மாணவர் ஒருவருடைய படிவத்தில் முதல் பக்கம் நீல மையில் சாய்வான கையெழுத்து. இரண்டாம் பக்கம் முதல் உருண்டையான வேறு கையெழுத்து. அம்மா எழுதியிருக்கிறார் என்று கேட்காமலே தெரியும். "பிரச்சினை என்ன" என்ற இடத்தில் "சொன்ன பேச்சு கேட்பதில்லை, எந்நேரமும் செல்" என்றிருக்கும். அது அம்மாவின் பிரச்சினை, அதுவும் உண்மையான ஒன்றுதான். ஆனால் பையனுடைய பிரச்சினை என்னவென்று எனக்கு இன்னும் தெரியாது. "இல்லை" என்று எழுதுவதும், ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவதும், எழுதி அடிப்பதும் மூன்று வெவ்வேறு விடைகள். அடித்த சொல்லை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க நான் முயல மாட்டேன். "இந்த இடத்தில் ஏதோ எழுதிவிட்டு மாற்றிக்கொண்டீர்கள் போலிருக்கிறது, இப்போது வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

இதைக் கற்றுக்கொண்டது ஒரு தவறால். பணியின் தொடக்க ஆண்டுகளில், கணவரோடு வந்த ஒரு பெண் வரவேற்பறையில் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து படிவத்தை நிரப்பினார். "வீட்டில் யாரிடமாவது பயம் உண்டா" என்ற கேள்விக்கு "இல்லை" என்றிருந்தது. நான் அந்த "இல்லை"யை நம்பி, அவருடைய நெஞ்சுப் படபடப்புக்கு மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது சந்திப்பில் கணவர் வெளியூர் போயிருந்ததால் தனியாக வந்தார். அன்றுதான் முழங்கைக்கு மேலிருந்த தழும்பைக் காட்டினார். ஐந்து வாரம் அவர் பயத்தை நான் நோயாக நடத்தியிருக்கிறேன். அவர் பயந்ததோ பயப்பட வேண்டிய ஒன்றுக்கு. அன்று முதல் யார் உடன் வந்தாலும், முதல் சந்திப்பில் இருபது நிமிடமாவது வந்தவரைத் தனியாகப் பார்க்கிறேன். அந்தக் கேள்வியை வாயால் மறுபடி கேட்கிறேன்.

படிவத்தில் இருக்கும் கேள்விகளிலேயே மிகவும் பயனுள்ளது எது என்று கேட்டால், "உங்களுக்கு ஏன் இப்படி ஆனது என்று நீங்கள் நினைக்கிறீர்கள்" என்பதைத்தான் சொல்வேன். மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் கிளைன்மேன் 1970-களின் பிற்பகுதியில் இதை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார். 2013-இல் வந்த டி.எஸ்.எம்-5 என்ற அமெரிக்க மனநோய்க் கையேட்டிலும் நோயைப் பண்பாட்டோடு சேர்த்து விசாரிக்கப் பதினாறு கேள்விகள் கொண்ட நேர்காணல் ஒன்று சேர்க்கப்பட்டது. நம் ஊரில் இதற்கு வரும் விடைகள்: ஏழரைச் சனி, யாரோ செய்துவைத்தது, பித்தம் தலைக்கேறியது, ரொம்ப யோசிக்கிறேன், அதான். இவற்றோடு நான் வாதாடுவதில்லை. கண் திருஷ்டி என்று நம்புகிறவர், தன் நலத்தைப் பொறுக்காத ஒருவர் அருகில் இருக்கிறார் என்று என்னிடம் சொல்கிறார். யார் அது, என்ன நடந்தது என்று கேட்டால் ஒரு பாகப்பிரிவினைத் தகராறு வெளியே வரும். எந்த விளக்கத்தை வைத்திருக்கிறாரோ அதற்குள் பொருந்தாத சிகிச்சையை அவர் இரண்டு வாரத்துக்கு மேல் செய்ய மாட்டார் என்பதும் அனுபவம். "நெஞ்சில் ஏதோ அடைத்த மாதிரி" என்று ஒருவர் எழுதியிருந்தால், அதைப் "பதற்றக் கோளாறு" என்று என் குறிப்பேட்டில் மொழிபெயர்த்தாலும் அவரிடம் பேசும்போது "அந்த அடைப்பு இந்த வாரம் எப்படி" என்றே கேட்பேன்.

இனி, இத்தனை விவரமும் எப்படி ஒரு திட்டமாகிறது என்று காட்டுகிறேன். பலருடைய விவரங்களைக் கலந்து, யாரையும் அடையாளம் காண முடியாதபடி அமைத்த எடுத்துக்காட்டு இது. 43 வயதுப் பள்ளி ஆசிரியை. வந்த காரணம்: "தூக்கமில்லை, 7 மாதம்". தூக்கப் பக்கத்தில், படுப்பது 8.30, எழுவது 5.30, நடுவில் விழிப்பு "3.10" என்று நிமிடத்தோடு எழுதியிருக்கிறார். ஐந்தாம் பக்கத்தில் குடும்ப விவரம்: அப்பா, காலமானார், பக்கவாதம். தேதியைப் பார்த்தால் ஏழு மாதம் முந்தியது. இரண்டு பக்கங்களுக்கும் இடையே இருந்த தொடர்பை அவர் எழுதவில்லை, ஒருவேளை கவனிக்கவும் இல்லை. சந்திப்பில் "அப்பா தவறியது எத்தனை மணிக்கு" என்று கேட்டேன். "ராத்திரி. மூணு, மூணேகால் இருக்கும். கூப்பிட்டிருக்கார், நான் அசந்து தூங்கிட்டேன்" என்றவர் அதற்கு மேல் பேசவில்லை.

தூக்கமின்மையை விளக்க ஸ்பீல்மன் வகுத்த சட்டகம் மூன்று அடுக்குகள் கொண்டது: முன்பே இருந்த இயல்பு, தூண்டிவிட்ட நிகழ்வு, தொடர்ந்து நீடிக்கவைப்பது. இவர் சிறுமியாக இருந்தபோது ஆஸ்துமாவால் அவதிப்பட்ட தாயின் மூச்சுச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடியே தூங்கியவர். இளம் பருவம் பற்றிய கேள்விக்கு "அம்மாவுக்கு முடியாது, நான்தான் பக்கத்தில் படுப்பேன்" என்று எழுதியிருந்தார். அது முதல் அடுக்கு. தந்தையின் மரணமும் 'தூங்கியதால் போனார்' என்ற குற்ற உணர்வும் இரண்டாவது. எப்படியாவது தூங்கிவிட வேண்டும் என்று எட்டரைக்கே படுப்பது, விழித்தவுடன் செல்போனில் மணி பார்ப்பது, ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் தூங்குவது, பகலில் ஐந்து டீ, நின்றுபோன மாலை நடை ஆகியவை மூன்றாவது. இவற்றோடு நான்காவதாக ஒன்றையும் எப்போதும் எழுதிக்கொள்கிறேன்: அவரைத் தாங்கி நிற்பது எது? தினமும் இரவு எட்டு மணிக்குப் பேசும் அக்கா. விடாமல் போட்டுவரும் வாசல் கோலம். வகுப்பறைக்குள் நுழைந்தால் எல்லாம் மறந்துபோகும் இயல்பு. குறைகளை மட்டும் பட்டியலிடும் படிவம் அரைகுறையான படிவம்.

பி.எச்.க்யூ-9-இல் 11, ஒன்பதாவது கேள்விக்கு 0. தூக்கமின்மை அளவுகோலில் 28-க்கு 19, அதாவது மிதமான கடுமை. தைராய்டும் இரும்புச் சத்தும் சரியாக இருந்தன; வலிப்போ, மிகைஉற்சாகக் காலமோ, மாத்திரையோ, மதுவோ இல்லை. ஆகவே படுக்கை நேரத்தைக் குறைக்கத் தடையில்லை. ஆனால் அதை முதலில் தொடங்கவில்லை. தூக்கத்தைத் தன் தந்தையின் மரணத்துக்குக் காரணமாக எண்ணுகிறவரிடம் தூங்கும் உத்திகளைக் கொடுத்தால் அவருடைய ஒரு பாதி அதற்கு எதிராகவே வேலை செய்யும். முதல் மூன்று சந்திப்புகள் அந்த இரவைப் பற்றியவை. நான்காம் வாரம் முதல் படுப்பது 12 மணி, எழுவது 5.30, கடிகாரமும் செல்போனும் அடுத்த அறையில், மூன்று மணிக்கு மேல் டீ இல்லை, அக்காவின் அழைப்பு இரவு பத்தரைக்கு, விழித்திருக்க உதவும்படி. ஒன்பது மணி நேரம் படுத்து ஐந்தரை மணி நேரம் தூங்கியபோது படுக்கையில் கழித்த நேரத்தில் 61 விழுக்காடுதான் தூக்கம். அது 85-ஐத் தாண்டும் ஒவ்வொரு வாரமும் பதினைந்து நிமிடம் கூட்டுவது என்று அவரோடு சேர்ந்து எழுதி வைத்தோம். "சேர்ந்து" என்ற சொல்லுக்கு இங்கே எடை உண்டு. இலக்கு எது, அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்பதில் இருவருக்கும் உடன்பாடு இருந்தால்தான் சிகிச்சை நிற்கும். இந்த ஆசிரியை "எட்டு மணி நேரம் தூங்க வேண்டும்" என்று இலக்கை எழுதவில்லை. "மூன்று மணிக்கு விழித்தாலும் பயம் வரக் கூடாது" என்று எழுதினார்.

முதல் நாள் எழுதும் இந்த விளக்கம் ஊகம்தான், திருத்துவதற்கென்றே எழுதப்படுவது. அதே அளவுகோல்களை நான்கைந்து வாரத்துக்கு ஒருமுறை மறுபடி கொடுப்பேன். எண் அசையவில்லை என்றால், வந்தவர் ஒத்துழைக்கவில்லை என்று குறிப்பெழுதுவதற்கு முன் என் ஊகம் தவறோ என்று படிவத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். முதல் நாள் வெறும் கோடு இழுத்திருந்த இடங்களுக்கு அப்போதுதான் போவேன்.

உங்கள் உரிமைகளையும் சொல்ல வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு உங்கள் விவரங்களை இரகசியமாகக் காக்கும் உரிமையைத் தருகிறது. உங்கள் அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை 25-ஆம் பிரிவில் உள்ளது. இரகசியத்துக்கு விலக்குகளும் உண்டு: உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு நேரும் நிலை, நீதிமன்ற ஆணை போன்றவை. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பதாகத் தெரிந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். இவற்றைப் படிவத்தை வாங்குவதற்கு முன்பே ஆலோசகர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் கேளுங்கள்: இந்தத் தாள் எங்கே வைக்கப்படுகிறது, யார் யார் படிப்பார்கள், என் அலுவலகத்துக்கோ வீட்டுக்கோ இதிலிருந்து எதுவும் போகுமா? கேட்டதற்கு முகம் சுளிக்கிற இடத்தில் மீதி மூன்று பக்கங்களை நிரப்ப வேண்டியதில்லை.

நிதானமாக விளக்குகிற இடமென்றால், பாதி நிரப்பிய படிவத்தோடே போங்கள். மாத்திரை, மது, வலிப்பு, குறட்டை, உங்களுக்கோ குடும்பத்திலோ தூங்காமலே உற்சாகம் பொங்கிய நாட்கள், உயிரை விடும் எண்ணம் ஆகிய ஆறையும் பற்றி மட்டும் ஒளிக்காமல் எழுதிவிடுங்கள். முதல் வாரத்திலேயே உங்களுக்குத் தீங்கு வராமல் காக்க அவை போதும். பள்ளிப் பருவமும் இல்வாழ்க்கையும் காத்திருக்கலாம். அந்த இடங்களில் "பிறகு சொல்கிறேன்" என்று எழுதினால் அது முழுமையான விடையே. ஒரு வாரத்துக்குப் படுத்த நேரம், விழித்த நேரம், எழுந்த நேரம் மூன்றையும் காலையில் எழுந்தவுடன் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள், இரவில் மணி பார்க்காமல் தோராயமாக. தூக்கத்துக்கென்று ஏதாவது போட்டுக்கொண்டிருந்தால் அந்த அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இடையில் ஏதாவது ஓர் இரவு தாங்க முடியாமல் போனால், அரசின் டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.